'வேணும்' என்கிற பிழை

முத்துக்குளித்துறைப் பரதவர் கிறித்தவரானது குறித்து நம்மிடையே ஒரு ரெடிமேட் விளக்கம் புழங்குகிறது. 1535 வாக்கில் முத்துச் சிலாபத்தின்மீதான உரிமை தொடர்பாக இஸ்லாமிய வணிகரோடு மோதல். குதிரை வியாபாரியான ஜோவான் த குரூஸ் என்கிற மதம் மாறியவர் சொன்ன யோசனை. கொச்சிக்குப் போன தூதுக்குழு. போர்த்துக்கீசியர் தந்த பாதுகாப்பு. பதிலுக்கு 1536-37 இல் ஊர் ஊராக ஞானஸ்நானம், ஏறத்தாழ 20,000 பேர். ஆக நடந்தது பேரம், விசுவாசம் அல்ல என்று முடித்துவிடுகிறார்கள். இடதுசாரி நண்பர்கள் இதைப் பொருளாதாரக் காரணி என்பார்கள். இந்துத்துவர்களோ இதையே 'ஆசை காட்டியது' என்பார்கள். 2002 அக்டோபரில் தமிழ்நாட்டில் வந்த மதமாற்றத் தடை அவசரச் சட்டமும் கட்டாயம், ஏமாற்று, ஆசைகாட்டுதல் மூன்றையும் ஒரே மூச்சில்தான் சொன்னது. (2004 தேர்தலில் தோற்றபின் அதே அரசே அதை விலக்கிக்கொண்டது வேறு கதை.) வேடிக்கை என்னவென்றால், கோவில் பிரசங்கங்களிலும் பலமுறை இதைத்தான் கேட்டிருக்கிறேன். முதலில் வந்தவர்கள் எதற்கோ வந்தார்கள், சவேரியார் வந்துதான் உண்மையான விசுவாசம் தந்தார் என்று. ஒருவருக்கொருவர் ஆகாத இந்த மூன்று தரப்பும் ஒரு விஷயத்தில் கைகோர்த்து நிற்கின்றன: ஆசையில்லாமல் வருகிறவன்தான் நம்பிக்கையோடு வருகிறவன்.

இந்த ஒற்றுமை எனக்குச் சந்தேகத்தைக் கிளப்புகிறது. சவேரியாரின் கடிதங்களுக்கே திரும்பிப் போய்ப் பார்க்கலாம்.

1542 இல் அவர் இந்தக் கரைக்கு வந்தபோது தமிழ் தெரியாது. இரண்டு பாஷையும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து, மிகுந்த சிரமத்தோடு ஜெபங்களை மொழிபெயர்த்து மனப்பாடம் செய்துகொண்டார். விசுவாசப் பிரமாணத்தை ஒவ்வொரு பிரிவாகச் சொல்லி, இதை நம்புகிறீர்களா என்று கேட்பாராம். சனங்கள் கைகளை மார்பின்மேல் சிலுவையாக மடித்துக்கொண்டு உரத்த குரலில் பதில் சொல்வார்களாம். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து அவரே எழுதுகிறார். அதே ஆண்டில் தன் உதவியாளர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு திருத்தம் வருகிறது. பிரமாணத்தில் 'எனக்கு வேணும்' என்று இருக்கும் இடத்தில் இனி 'விசுவாசம்' என்று சொல்லவேண்டும், ஏனென்றால் முன்னதற்கு 'விரும்புகிறேன்' என்றும் பின்னதற்கு 'நம்புகிறேன்' என்றும் பொருள் என்கிறார்.

அப்படியானால் அதுவரை இந்த மக்கள் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள்? கடவுள் உண்டென்று சாட்சி சொல்லவில்லை. கடவுள் எனக்கு வேணும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மிஷன் வரலாறுகள் இதை மொழிபெயர்ப்பாளரின் அரைகுறை அறிவு என்று தாண்டிப் போகின்றன. எனக்கு அப்படித் தாண்ட மனமில்லை. தமிழில் வேண்டுவது என்றால் விரும்புவதும்தான், இறைஞ்சுவதும்தான். வேண்டுதல் என்ற சொல்லில் ஆசையையும் ஜெபத்தையும் தனித்தனியே பிரித்தெடுக்க முடியாது. பெயர் தெரியாத அந்த மொழிபெயர்ப்பாளர் தப்பு செய்யவில்லை. நம்பிக்கை தன் மொழியில் எங்கே தொடங்குகிறதோ அங்கே கொண்டுபோய் வைத்தார். அதற்குப் பதிலாக வந்த 'விசுவாசம்' எப்படிப்பட்ட சொல்? பேச்சுவழக்கில் அதை எஜமானுக்கு வேலைக்காரன் காட்டுவது, நாய் காட்டுவது என்றே பயன்படுத்துகிறோம். போர்த்துக்கல் அரசின் நிழலில் இயங்கிய திருச்சபைக்கு அந்தச் சொல் பொருந்திப்போனதைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்குத் தயக்கமிருக்கிறது.

அதே கடிதத்தில் இன்னொரு திருத்தமும் உண்டு. கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் இடத்தில், வலுக்கட்டாயத்தால் என்று பொருள்படும் ஒரு சொல் நுழைந்துவிட்டதாம். அவர் மனமுவந்தல்லவா பாடுபட்டார், ஆகவே எடுத்துவிடச் சொல்கிறார். இரண்டு திருத்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும். கிறிஸ்துவுக்கு விருப்பம் திருப்பித் தரப்படுகிறது. பரதவரிடமிருந்து அது அடிக்கப்படுகிறது.

அடித்ததனால் போய்விடவில்லை. ஆகஸ்டு 5 அன்று தூத்துக்குடி பனிமய மாதா கோவிலில் நிற்கிற கூட்டத்தில் கொஞ்சம் காதைக் கொடுத்துப் பாருங்கள். 'எம்புள்ள குடிய விடணும் தாயே', 'போன லாஞ்சி கரைக்கு வரணும்', எல்லாம் 'ணும்'தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டென்னன்ட் இலங்கைப் பக்கத்து முத்துக்குளிப்பைப் பார்த்து எழுதும்போது, மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவர் ஒரு கத்தோலிக்கர் என்பதைச் சிரித்துக்கொண்டே குறிப்பிடுகிறார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலுக்கடியில் இறங்குகிறவனுக்குச் சந்தேகம் இருக்காதா? மாதாவையும் கும்பிட்டுவிட்டு வாய்க்கட்டும் போட்டுக்கொண்டுதான் இறங்கினான். சந்தேகம் தீர்ந்தபிறகு இறங்கலாம் என்று அவன் கரையில் உட்கார்ந்திருக்க முடியாது.

சவேரியாருக்குப் பின் வந்தவர் அன்றீக் அடிகளார் (ஹென்ரிக் ஹென்ரிக்கஸ்). 1578 இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' வழியாக நமக்குத் தெரிந்தவர். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் இந்தக் கரையோரத்திலேயே கிடந்து தமிழ் கற்று, பழைய ஜெபங்களை மறுபடி திருத்தினார். அவருடைய நூல்களில் எனக்கு முக்கியமாகப்படுவது 1580 இல் கொச்சியில் அச்சிட்ட 'கொம்பெசியொனாயரு'. பாவசங்கீர்த்தனம் செய்வதற்கான கையேடு. தொலைந்துபோனதாகக் கருதப்பட்டு ஆக்ஸ்போர்டில் ஒரு பிரதி அகப்பட்டது.

இந்த இடத்தில் ஃபூக்கோவைக் கூப்பிடுவது சுலபம். பாவத்தைச் சொல்லவைத்து, சொல்கிறவனைத் தன்னிலையாக உருவாக்கி, அதிகாரத்தின் பிடிக்குள் கொண்டுவருவது என்று ஒரு கட்டுரையை எழுதிவிடலாம். பாதி சரியாகவும் இருக்கும். மான்சிலாஸுக்கு எழுதிய கடிதங்களில், சாராயம் குடிக்கும் பெண்களுக்குத் தண்டனை விதிக்கச் சொன்னவரும் சவேரியார்தானே. ஆனால் தண்டனை வேறு, பாவசங்கீர்த்தனம் வேறு. தப்பு செய்தவனை வெளியே நிறுத்துவது முன்னது. தப்பையே வாசலாக்குவது பின்னது. பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவன் சுத்தமாக வரவேண்டியதில்லை, வந்தால் சொல்ல ஒன்றுமிருக்காது. அடுத்த வருஷம் அதே பாவத்தைத் தூக்கிக்கொண்டு வருவான் என்பதும் அந்தச் சடங்குக்குத் தெரியும்.

இதை எழுதியவரின் பழசு என்ன? அன்றீக் 1520 இல் போர்த்துக்கல்லில், கிறித்தவத்துக்கு மாறிய யூத வழியில் பிறந்தவர். 'புதுக் கிறித்தவர்' என்று அங்கே பெயர். அந்தப் பெயரில் மரியாதை கிடையாது. பாதுகாப்புக்காக மாறியவன், உள்ளுக்குள் பழையவன் என்ற நிரந்தரச் சந்தேகம்தான் இருக்கும். பரதவர்மீது நம் மூன்று தரப்பும் வைக்கிற அதே சந்தேகம். அந்த வம்சத்தைக் காரணம் காட்டி பிரான்சிஸ்கன் சபை அவரை வெளியேற்றியது. 1545 இல் சேசு சபை எடுத்துக்கொண்டது. 'எனக்கு வேணும்' என்று இரண்டாவது வாசலையும் தட்டியவர் அவர்.

1593 இல் சேசு சபையும் யூத வம்சாவளியினரைச் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் போட்டது. அப்போது அன்றீக்குக்கு வயது 73, சபையில்தான் இருந்தார். ஏழு ஆண்டு கழித்து, 1600 இல், புன்னைக்காயலில் இறந்தார். தூத்துக்குடியில் மாதா கோவிலில் அடக்கம் செய்தார்கள்.