ஒளிந்தாடும் ஆட்டமும் கூப்பிய கைகளும்

பெரம்பலூரிலும் அரியலூரிலும் நம் இல்லத்துப் பிள்ளைகள் கணினியில் ஆடும் ஆட்டங்களை ‘விளையாட்டுத்தானே’ என்று ஒதுக்கிவிடுகிறோம். அவையும் கதை சொல்கின்றன. சில வேளை நம்மைப் பற்றியே சொல்கின்றன.

யூபிசாஃப்ட் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ‘அசாசின்ஸ் கிரீட்’ அத்தகையது. காவலர் கண்ணில் படாது சென்று பகைவனைக் கொல்வதே ஆட்டம். களம், 1191-ஆம் ஆண்டின் சிலுவைப் போர்க்கால டமாஸ்கஸ், பைத்துல் முகத்தஸ் முதலிய நகரங்கள். நாயகன் அல்தாயிர் வெள்ளாடை அறிஞர் குழுவினுள் நுழைந்து, தலை தாழ்த்திக் கைகூப்பி நடக்கிறான், காவலர் வழிவிடுகின்றனர். மாடங்களையும் மினாராக்களையும் அத்துணை நுட்பமாய் வடித்தவர்கள், டமாஸ்கஸ் முஸ்லிம் கைகூப்பித் தொழுவதில்லை என்பதை எண்ணவில்லை. அதனினும் வருத்தம் தருவது, இறையச்சத்தின் தோற்றமே கொலைக்குத் திரையாவது.

2023-இல் வந்த ‘மிராஜ்’ ஒன்பதாம் நூற்றாண்டின் பாக்தாதுக்குச் செல்கிறது. மறைந்து செல்லும் பழைய முறையை மீட்கவே செய்யப்பட்ட ஆட்டம் இது. இதன் நாயகன் பாசிம் சந்தைக் கூட்டத்தில் கலக்கிறான். வணிகரையும் இசைவாணரையும் துணைக்கு அமர்த்துகிறான். உரையாடலை அரபியிலேயே கேட்கலாம். பைத்துல் ஹிக்மா பற்றியும் நகரின் வாழ்வு பற்றியும் வரலாற்றுக் குறிப்புகள் உண்டு. கொலைத்தொழில் மாறவில்லை, மக்களைப் பார்க்கும் பார்வை மாறியிருக்கிறது. கதையமைப்பில் முன்னதே உறுதியானது எனினும், நம் பிள்ளைகள் கைக்குப் பின்னதையே பரிந்துரைப்பேன்.

பாக்தாதைப் பிறர் இத்துணைக் கருத்தாய்க் கற்றுச் சொல்கின்றனர். 1751-இல் சந்தா சாகிபின் படையும் முகம்மது அலியின் படையும் மோதிய நம் ரஞ்சன்குடிக் கோட்டையின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நாம் எப்போது முனைவோம்?