கழன்ற ஸ்பீக்கருக்குக் கம் போதும்

ஹெட்செட்டில் ஒரு பக்கம் மட்டும் பேஸ் இல்லை, தலையை ஆட்டினால் உள்ளே லொடலொடவென்று ஏதோ அசைகிறது என்றால், ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்பீக்கர் நன்றாகவே இருக்கலாம். அதைப் பிடித்திருந்த கம் விட்டுப்போயிருக்கலாம். திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்கும் பாட்டுக்கும் மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளும் வயர் ஹெட்செட்டுக்கு வந்த கோளாறு அதுதான். நாகூர் ஹனிபாவின் கணீர்க் குரலே இடது காதில் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

ஸ்பீக்கரின் மெல்லிய சவ்வு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்று விரிகிறது. இந்த இரண்டும் கலக்காமல் தடுப்பது விளிம்பைச் சுற்றியுள்ள கம்தான். அதில் கொஞ்சம் இடைவெளி விழுந்தாலே தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். குரல் கேட்கும், தபேலாவின் கனம் காணாமல் போகும்.

பிரிப்பதற்கு முன் போன் செட்டிங்கில் ஆடியோ பேலன்ஸ் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பாட்டை ஓடவிட்டு, அந்தப் பக்கக் கப்பைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் திரும்பி வந்தால், ஸ்பீக்கர் கழன்றிருக்கலாம். வயரை வளைக்கும்போது சத்தம் விட்டுவிட்டு வந்தால் கோளாறு வயரில்.

காது குஷனை விளிம்பிலிருந்து மெல்ல நெம்பினால் வந்துவிடும். அடியில் பெரும்பாலும் சின்ன ஸ்க்ரூக்கள் இருக்கும்; சில மாடல்களில் ஸ்டிக்கருக்குக் கீழே ஒளிந்திருக்கும். உள்ளே சுமார் 40 மில்லிமீட்டர் அகலத்தில் ஸ்பீக்கர். கவனம் தேவைப்படுவது இங்கேதான். ஸ்பீக்கரின் நடுவிலுள்ள காந்தம் சின்னதானாலும் வலுவானது. ஸ்க்ரூ டிரைவர் முனையைப் பக்கத்தில் கொண்டுபோனால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். சவ்வில் குத்தினால் கதை முடிந்தது. ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் டிரைவரைத் தூர வைத்துவிடுங்கள். வயர்களை போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். வயர் விட்டுப்போயிருந்து மறுபடி பற்றவைக்கும்போது பிளஸ், மைனஸ் மாறினால் இரண்டு காதும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்யும். பாடகர் குரல் நடுவில் நிற்காமல் கலைந்து கேட்கும். அந்த மெல்லிய செம்புக் கம்பிகளுக்கு மேல் எனாமல் பூச்சு உண்டு. அதைச் சுரண்டியோ சூட்டில் எரித்தோ எடுக்காமல் ஈயம் ஒட்டாது.

இனி எந்தக் கம்? கைக்கு முதலில் கிடைப்பது ஃபெவிக்விக். அதை இந்த வேலைக்கு நான் சொல்லவே மாட்டேன். நொடியில் பிடித்துக்கொள்வதால் ஸ்பீக்கரை நேராக்கி உட்காரவைக்க நேரம் கிடைக்காது. அதன் ஆவி சவ்வில் வெள்ளையாகப் படியும். தண்ணீராக ஓடி, சவ்வை அசைக்கும் காயிலுக்குள் இறங்கினால் ஸ்பீக்கரே இறுகிவிடும். செருப்புத் தைப்பவர்களின் சொல்யூஷன் தோலுக்கும் ரப்பருக்கும் அருமையானது. ஆனால் அதிலுள்ள கரைப்பான் சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். ஹாட் க்ளூ வயரை அசையாமல் பிடிக்க நல்லது. விளிம்பில் வைத்தால், வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடக்கும்போது இளகும்.

சரியானது பி-7000. செல்போன் சர்வீஸ் கடைகளில் டிஸ்ப்ளே ஒட்டப் பயன்படுத்துவார்களே, அதுதான். ஊசிபோன்ற முனை இருப்பதால் விளிம்பில் மட்டும் மெல்லிய வளையமாக விடலாம். காய்ந்த பிறகும் ரப்பர்போல நெகிழ்வாக இருப்பதால் அதிர்வைத் தாங்கும். நாளைக்கு மறுபடி பிரிக்கவும் விடும். பழைய கம்மைச் சுத்தமாக உரித்துவிட்டு, ஸ்பீக்கரின் பின்பக்க ஓட்டைகளில் படாமல் விட்டு, லேசாக அழுத்தி ஒரு முழு நாள் காயவிட வேண்டும். அவசரப்படுகிறவர்களுக்கு இது ஒத்துவராது. எங்கள் ஹெட்செட்டில் பேஸ் முழுசாகத் திரும்பிவிட்டது.

குஷன் கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அந்த இடைவெளியிலும் பேஸ் ஒழுகிப்போகும். தோல் பதனிடும் தொழிலோடு வளர்ந்த எங்கள் பகுதியில் நிஜத் தோலைத் தொட்டதும் தெரிந்துவிடும். ஹெட்செட் குஷனில் பெரும்பாலும் இருப்பது துணிமேல் பூசிய பாலியூரித்தேன். வியர்வையிலும் திண்டுக்கல் வெயிலிலும் அது செதில் செதிலாக உரியும்.

பொருளைத் தூக்கியெறியாமல் பழுதுபார்க்க உதவ, ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. செல்போனும் மின்னணுப் பொருட்களும் அதில் உண்டு. ஐரோப்பாவில் ஃபேர்போன் நிறுவனம் 2023-ல் கொண்டுவந்த ஹெட்போனில் ஸ்பீக்கரைத் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். விலை குறைந்த ஹெட்செட்டுகளுக்கும் இந்த வசதி வரவேண்டும்; பழுதுபார்த்தே ஓட்டவேண்டிய குடும்பங்கள் வாங்குவது அவற்றைத்தான். அதுவரை, கடையில் வாங்கும்போதே ஸ்க்ரூ இருக்கிறதா, குஷன் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

புளூடூத் ஹெட்செட்டில் மட்டும் ஜாக்கிரதை. உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கும். அதைக் குத்தினாலோ, சூடான சால்டரிங் அயன் பட்டாலோ தீப்பிடிக்கலாம். பேட்டரி உப்பியிருந்தால் நீங்கள் தொடாமல் சர்வீஸ்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.