விளக்கு சொல்வதும் சொல்லாததும்

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்குச் செல்லும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சென்ற மழைக்காலத்தில் சக ஆசிரியர் ஒருவரின் காரில் அவ்வழியே ஏறினோம். வழுக்கும் கார் போன்ற படமுள்ள மஞ்சள் விளக்கு ஏறும்போது சிமிட்டியது. இறங்கும்போது அணையாமல் நின்றெரிந்தது. "இரண்டுக்கும் ஒரே பொருள்தானே, சார்?" என்றார் நண்பர். வாசகர்களே, உண்மையில் இரண்டும் நேர் எதிரான பொருளுடையவை.

விளக்கு சிமிட்டினால் இழுவைக் கட்டுப்பாடு வேலை செய்கிறது என்று பொருள். ஈரத் தரையைப் பற்றாமல் வீணே சுழலும் சக்கரத்தைக் கண்டுபிடித்து, அது என்ஜினின் திறனைக் குறைக்கிறது. தேவையானால் அச்சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடுகிறது. நாமாகப் பொத்தானை அழுத்தி நிறுத்தாதபோதும் விளக்கு நின்றெரிந்தால், கட்டுப்பாடு வேலை செய்யவில்லை என்று பொருள். காப்பதையும் கைவிட்டதையும் ஒரே படத்தால் காட்டுவது இவ்வமைப்பின் முதற்குறை.

இரண்டாவது குறை பழுதுபார்க்கும் முறையில் உள்ளது. பணிமனையில் சோதனைக் கருவியைப் பொருத்தினார்கள். இடப்புற முன்சக்கரத்தின் வேக உணரி என்று அது காட்டியது. உடனே புதிய உணரி மாட்டி, நேரான சாலையில் ஓட்டிப் பார்த்து, காரைத் தந்துவிட்டார்கள். நான்காம் நாள் மலைப்பாதையில் விளக்கு மீண்டும் எரிந்தது!

கருவி பொய் சொல்லவில்லை. எச்சக்கரத்தின் செய்தி சரியில்லை என்று மட்டுமே அது கூறியது, காரணத்தைக் கூறவில்லை. வெப்பமானி காய்ச்சலைக் காட்டும். மலேரியாவா, டைபாய்டா என்று காட்டுமா?

உணரி செய்வது என்ன? 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை நீங்கள் படித்திருப்பீர்கள். பழைய வகை உணரியில் ஒரு காந்தமும் கம்பிச்சுருளும் உண்டு. சக்கரத்தோடு சுழலும் வளையத்தின் ஒவ்வொரு பல்லும் அதைக் கடக்கும்போது காந்தப்பாயம் மாறி, மின்துடிப்பு பிறக்கிறது. சக்கரத்தின் விட்டம் 60 செ.மீ., பற்கள் 48 என்று கொள்வோம். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 5.3 சுற்று சுற்றும். துடிப்புகள் ஏறத்தாழ 255. நான்கு சக்கரங்களின் துடிப்புகளையும் ஒப்பிட்டே கணிப்பொறி வழுக்கலை அறிகிறது.

ஆகவே உணரி நன்றாக இருந்தும் செய்தி கெடலாம். பல்வளையத்தில் துரு, தேய்ந்த பேரிங், அறுந்த கம்பி, செருகியில் ஈரம், அளவு மாறிய டயர் ஆகிய எதுவும் காரணமாகலாம். விட்டம் 5 விழுக்காடு குறைந்த டயர் ஏறத்தாழ 5 விழுக்காடு கூடுதலாகச் சுழலும் அல்லவா?

நண்பரின் காரில் ஸ்டியரிங்கைக் கோடிவரை திருப்பியபடி கம்பியின் தொடர்பைச் சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. காரின் பக்கமுள்ள செருகியில் ஒரு முள் தளர்ந்து, களிம்பேறியிருந்தது. கடும் வளைவுகளில் கம்பி இழுபட்டுத் தொடர்பு அற்றது. சமவெளிச் சாலையில் இது எப்படித் தெரியும்?

ஓர் எச்சரிக்கை: பழைய வகை உணரியின் மின்தடையை ஓம்மானியால் அளந்து, மறுபுற உணரியோடு ஒப்பிடலாம். ஹால் விளைவில் இயங்கும் புதிய வகையை அவ்வாறு அளக்கக் கூடாது.

மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் வழக்கமான பிரேக் வேலை செய்யும். மெதுவாக ஓட்டிச் செல்லலாம். ஏ.பி.எஸ். விளக்கும் சேர்ந்தெரிந்தால், அழுத்திப் பிரேக் போடும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளக்கூடும். சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தாலோ, வண்டியை உடனே ஓரமாக நிறுத்துங்கள்.

அடுத்த முறை உணரியை மாற்ற வேண்டும் என்று பணிமனையில் கூறினால், "எதை அளந்து பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். அக்கேள்வி உங்கள் பணத்தையும் காக்கும். மலைப்பாதையில் உயிரையும் காக்கும்.