இருபது புள்ளி ஒன்பது இரண்டு

ஒரு கூடைப்பந்து வீரரின் ஆல்-ஸ்டார் தேர்வுகள், சாம்பியன் பட்டங்கள், உச்ச ஆண்டுகளின் பங்களிப்பு, ஏன், உயரத்தைக்கூட ஒரு சமன்பாட்டில் போட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு புகழ் மண்டபம் அவருக்குக் கதவு திறக்க எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று அது சொல்கிறது. ஏற்கெனவே உள்ளே போனவர்கள், வாசலோடு நின்றவர்கள் கணக்கைப் பார்த்துப் பழகிய சமன்பாடு. எனக்குப் பிடித்த வேலை.

ஈப்போவில் காப்பி ஆறும் நேரத்தில் அதையே நம்மூர்க்காரர் ஒருவருக்குப் போட்டுப் பார்ப்பேன். 1943இல் கோலகங்சாரில் பிறந்த டாக்டர் மணி ஜெகதீசன். மூன்று ஒலிம்பிக். 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 அஞ்சல் ஓட்டம், மூன்றிலும் தங்கம். 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டர், 20.92 விநாடி.

மெக்சிகோ நகரம் 2,200 மீட்டருக்கு மேலான உயரம். மெல்லிய காற்று ஓட்டக்காரருக்கு ஒத்தாசை. அதைக் கழிக்க வேண்டாமா? வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பாலை நிறுத்ததோடு விடமாட்டார்கள். மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, தண்ணீர் போக ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். வாளி நிறைந்திருப்பது வேறு, பால் கெட்டியாக இருப்பது வேறு.

அந்த 20.92 கெட்டிப் பால். தேசியச் சாதனையாக 49 ஆண்டுகள் நின்றது. 2017இல் மலேசிய ஓட்டக்காரர் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் அதை முறியடித்தபோது கடிகாரம் காட்டியது 20.90.