உற்றறிவும் ஓலைச்சுவடியும்: தரங்கம்பாடியை முன்வைத்து

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு 1708இல் அட்டவணை வகுத்தார். எழுத்தாணியால் கீறும் ஓலையெழுத்து, மை பூசப்படும்வரை வெறும் பள்ளமே. கண்ணினும் விரலுக்கு உரியது. சமவொளியில் எடுக்கப்படும் மின்படியோ நிறவேறுபாட்டையே பதிகிறது. பள்ளத்தின் ஆழத்தை இழக்கிறது. மின்படியையே சுவடியாகக் கொள்ளும் ஆய்வுப்போக்கின் குறை இது. ஓலை சிதையுமெனப் புள்ளியைத் தவிர்த்த மரபில், ஐயத்திற்குரிய ஒரு குறி கீறலா கறையா என்பது பாடத்தையே மாற்றவல்லது.

நெகிழ்படலத்தின் பின்னிருந்து கேமராவால் மேடுபள்ளத்தை அளக்கும் ரோபோத் தொடுவுணரி இங்கு உதவலாம். ஆயினும் நொய்ந்த ஓலை அழுத்தம் தாங்குமா என்பது முதல்வினா. மேலும், கருவி ஆழத்தை அளக்கும். அக்குறி எழுத்தா எனத் துணிவது பதிப்பாசிரியர் கடமை. தொல்காப்பிய மரபியல் உற்றறிவை முதலாகவும் மனவறிவை ஆறாவதாகவும் நிறுத்துவது இவ்விடத்து எண்ணத்தக்கது.