இடுப்புக்கடியில் ஒரு கடிகாரம்

மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, பாதங்களை ஊன்றிக்கொள்ள வேண்டும். இடுப்புக்கடியில் ஒரு கடிகார முகம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும்: இடைப்பக்கம் 12, வால் எலும்புப் பக்கம் 6. இடுப்பின் எடையை எண் எண்ணாக உருட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் 4-லோ 8-லோ எடை சட்டென்று தாவிவிடும். நாம் அறியாமலே இறுக்கி வைத்திருக்கும் இடம் அது. அங்கே தள்ளக் கூடாது. வட்டத்தைச் சிறிதாக்க வேண்டும். என்ன கனிவான பாடம்!

இந்தப் பயிற்சியை வகுத்த மோஷே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984) இயற்பியலாளர், ஜூடோ வீரர். முழங்கால் காயம்தான் அவரைத் தன் அசைவுகளைக் கவனிக்க வைத்தது. முயற்சி குறைந்தால் நுண்ணிய வேறுபாடும் புலப்படும் என்றார். மூட்டை சுமப்பவருக்கு அதன்மேல் விழுந்த இலை தெரியாதல்லவா? நடுநடுவே கால் நீட்டி ஓய்வெடுக்கையில், முதுகு முன்பைவிட அகலமாகத் தரையில் படிந்திருக்கும்.