எச்.ஐ.வி.யும் மூளையும்: அந்த 52 சதவீதக் கணக்கு

எச்.ஐ.வி. உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மூளைத்திறன் குறைபாடு என்று ஒரு வரி ரொம்ப நாளா சுத்திக்கிட்டு இருக்கு. இதன் மூலம், 2010ல் நியூராலஜி இதழில் வந்த சார்ட்டர் ஆய்வு. அமெரிக்காவில் 1,555 பேரைப் பரிசோதித்து, 52 சதவீதம் என்றார்கள்.

அந்த எண்ணைப் பிரிச்சுப் பாருங்க. குழப்பக்கூடிய வேறு கடுமையான பாதிப்புகள் உள்ளவர்களைக் கழித்தால் 1,316 பேர். இதில் டிமென்ஷியா 2 சதவீதம், லேசான குறைபாடு 12 சதவீதம். மீதி 33 சதவீதம் 'அறிகுறியற்ற' வகை. அன்றாட வேலையில் சிரமம் தெரியவில்லை, தேர்வில் மதிப்பெண் மட்டும் குறைவு.

அளவுகோல் 2007ல் வெளியான ஃப்ரஸ்காட்டி வரையறை. நினைவாற்றல், கவனம், வேகம் என்று குறைந்தது 5 திறன்களைச் சோதிக்க வேண்டும். இரண்டில் சராசரியை விட ஒரு திட்ட விலக்கம் கீழே இருந்தால் குறைபாடு.

சாதாரண நிகழ்தகவுக் கணக்குதான். ஆரோக்கியமானவர்களிலும் சுமார் 16 சதவீதம் பேர் ஒவ்வொரு திறனிலும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பார்கள். 5 திறன்களும் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்தால், இரண்டிலாவது தவறுபவர்கள் சுமார் 18 சதவீதம். வைரஸே இல்லாமல்! 2011ல் கிஸ்லேன் குழுவினரும் இதே குறையைச் சுட்டி, சுமார் 20 சதவீதம் என்றார்கள்.

அதற்காக எல்லாம் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. 2014ல் வந்த சார்ட்டர் தொடராய்வில், 'அறிகுறியற்ற' முத்திரை பெற்றவர்களுக்குப் பின்னால் அறிகுறி வரும் ஆபத்து 2 முதல் 6 மடங்கு அதிகம். வைரஸ் மூளைக்குள் போய் மைக்ரோக்ளியா செல்களில் தங்குவதும் உண்மை.

என் ஆட்சேபணை வேறு. ஏற்கெனவே களங்கத்தோடு போராடும் ஒருவரிடம் 'உங்க மூளையும் பாதிச்சிருக்கு' என்று சொல்வது சின்ன விஷயமில்லை. மனச்சோர்வும் கவனத்தையும் வேகத்தையும் குறைக்கும், அதற்குச் சிகிச்சை உண்டு. எஃபாவிரென்ஸ் மாத்திரையால் தூக்கக் கெடுதியும் மனநிலை மாற்றமும் வரலாம், மாத்திரையை மாற்றலாம். வைரஸ்தான் காரணம் என்று முத்திரை குத்திட்டா, இதையெல்லாம் யார் தேடுவார்கள்?

2023ல் ஒரு சர்வதேச நிபுணர் குழு, மதிப்பெண் குறைவை மட்டும் வைத்துக் குறைபாடு என்று சொல்லாதீர்கள் எனப் பரிந்துரைத்தது. நல்ல திருத்தம், 16 வருஷம் தாமதம். அடுத்த முறை 'பாதிப் பேர்' என்று எங்காவது படித்தால், எந்த அளவுகோல் என்று கேளுங்க.